நீ வெட்டு, நான் எடுக்கிறேன்

பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே நின்ற அங்சானாவை
சாலை அகலமாக வேண்டுமென்று அறுத்தார்கள்.
அதன் இடுப்பில் இருந்த கழலையை
குப்பை லோரியில் ஏறுமுன் மறித்து
அறுநூறு ரிங்கிட்டுக்குப் பேசி முடித்தோம்.
என் முந்நூறு, நாகலிங்கத்தின் முந்நூறு.

மூன்று வாரமாய் அது
லூனாஸ் டயர் கடைக்குப் பின்னால் கொட்டகையோரம்
ஈரச் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.
எடை நூற்றிருபது கிலோ இருக்கும்.
தூக்கிப் பார்த்ததல்ல,
தூக்க முடியாமல் போனதை வைத்துச் சொல்கிறேன்.

"மரத்துக்கு வந்த புற்று" என்றார் டயர் கடை அ சேங்.
அந்தச் சொல்லை நான் வாங்கிக்கொள்ளவில்லை.
எனக்கு அது கணக்கு:
எங்கள் கடைசல் இயந்திரத்தில்
பதினாறு அங்குலம்தான் சுழலும்,
கழலையோ இருபத்தெட்டு.
வெட்டித்தான் ஆகவேண்டும்.
இதில் மட்டும் எங்களுக்குள் சண்டையில்லை.

பட்டைக்கு இணையாய் அறுத்தால் உள்ளே கண்கள்.
நூறு, இருநூறு, எண்ணி முடியாது.
ஒவ்வொன்றும் முளைக்க நினைத்து
முளைக்காமல் விட்ட மொட்டு.
குறுக்கே அறுத்தால்
அதே கண்கள் ஊசிகளாய் நீளும்,
காற்றில் சாய்ந்த மழை.
மரம் ஒன்றுதான். வாள் வரும் திசைதான் வேறு.

நாகலிங்கத்துக்குக் கண் வேண்டும்.
பினாங்கில் ஏதோ ஹோட்டல்
கண் தெரிந்தால்தான் காசு தருமாம்.
எனக்கு ஊசி.
ஏன் நாயகி, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.
பதில் இருந்தது,
சொன்னால் சின்னதாய்ப் போய்விடும்.

சாக்பீஸால் கோடு போட்டோம்,
அவனுடையது வெள்ளை, என்னுடையது நீலம்
(பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்தது).
சாக்கு விலகிய இரவில் மழை
இரண்டையும் சேர்த்துத் துடைத்தது.
பிறகு மெழுகுப் பென்சில்.
பிறகு பேச்சே இல்லை.
அவனுக்குக் கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்,
எனக்குப் பகல்.
கொட்டகைச் சாவி மட்டும்
ஆணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நேற்று சாக்கைத் தூக்கினால்
மயிரிழைப் பிளவு ஒன்று,
அவன் கோட்டிலும் இல்லை, என் கோட்டிலும் இல்லை.
நாங்கள் முடிவெடுக்கட்டும் என்று
மரம் காத்திருக்கவில்லை,
தானே கோடு போட ஆரம்பித்திருந்தது.

அவனை அழைத்தேன்.
தூக்கக் கண்ணோடு மாமாக் கடைக்கு வந்தான்.
தட்டில் ஒரே ஒரு ரொட்டி மிச்சம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அதை இரண்டாய்க் கிழித்தவன்
தட்டை என் பக்கம் தள்ளி, எடு என்றான்.
எடுத்த பிறகுதான் இருவருக்குமே உறைத்தது.

ஆக, இன்று காலை செயின்சா என் கையில்.
எதிராளி எதை எடுப்பானென்று தெரியாமல்
வெட்டும்போதுதான் கை நேர்மையாகிறது.
பிளவோடு போனேன், பாதியில் கொஞ்சம் விலகினேன்,
ஒரு பக்கம் கண், ஒரு பக்கம் ஊசி என்றில்லாமல்
இரண்டிலும் இரண்டும் கலந்து விழட்டும் என்று.
செந்தூள் பறந்தது. பன்னீர் வாசம்.
அ சேங் புகார் சொல்ல வந்து, மோந்துவிட்டு நின்றார்.

இரண்டாய்ப் பிரிந்து சாய்ந்தது.
வலப்பக்கத் துண்டின் நடுவில்
விரல் நுழையும் பொந்து, உள்ளே கறுத்த பட்டை.
சுழலும்போது தெறித்தால் முகம் போய்விடும்.
நாகலிங்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்,
குந்தினான், ஈரத்துணியால் துடைத்தான்,
பொந்துள்ள துண்டில் கை வைத்தான்.

விட்டுக்கொடுத்தானா,
நான் பார்க்காத எதையாவது பார்த்துவிட்டானா,
கேட்கவில்லை.
வெட்டுமுகங்களில் மெழுகு காய்ச்சி ஊற்றினோம்,
இனி மாதக்கணக்கில் உலர வேண்டும்.

தூள் மிதந்த வாளியில் கை கழுவினேன்.
வெயில் பட்டதும் தண்ணீர்
ஓரத்தில் நீலமாய் ஒளிர்ந்தது.
சிவந்த மரத்துக்குள்ளிருந்து இந்த நீலம்.
"எந்தக் கோணத்தில் பார்க்கணும்?" என்றான்,
இந்தப் பக்கம் வந்து நின்றான்.